கம்ப்யூட்டர் பிடிக்கும் டார்ச்



திருவண்ணாமலையில் புதிதாக எழும்பும் வீடுகளின் கேட்டை ஒரு தடவை நின்று பாருங்கள். முன்பெல்லாம் பட்டையும் சதுரக் கம்பியும் வளைத்து வெல்டிங் வைத்த கிரில் கேட். இப்போது தகட்டிலேயே மயில், வேல், இலைக்கொடி என்று துளைத்தெடுத்த டிசைன் கேட். அந்தத் தகடு பெரும்பாலும் வெளியூரில் லேசரில் வெட்டி வருகிறது. நம்மூர் பட்டறைக்குக் கிடைப்பது அதைச் சட்டத்தில் வைத்து வெல்டிங் அடிக்கிற கூலி மட்டும்தான். என் அப்பா வேலை செய்வதும் அப்படி ஒரு பட்டறையில்தான். லேசர் மெஷின் வாங்க அந்தப் பட்டறையால் முடியாது. ஆனால் அங்கே மூலையில் 40 ஆம்பியர் பிளாஸ்மா கட்டிங் மெஷின் ஒன்று கிடக்கிறது. அதன் டார்ச்சைக் கைக்குப் பதில் கம்ப்யூட்டர் பிடித்தால் என்ன? நாங்கள் ஐந்து பேர் பிராஜெக்டாக எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான்.

முதலில் பிளாஸ்மா என்றால் என்ன? திடம், திரவம், வாயு என்று மூன்றைப் படித்தோம். வாயுவை இன்னும் சூடாக்கினால் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிரிந்து, வாயுவே மின்சாரத்தைக் கடத்த ஆரம்பித்துவிடும். அதுதான் நாலாவது நிலை. டார்ச்சுக்குள் ஒரு எலக்ட்ரோடு, அதைச் சுற்றி ஒரு மில்லிமீட்டர் அளவுத் துவாரம் உள்ள செம்பு நோசில். எலக்ட்ரோடுக்கும் தகட்டுக்கும் நடுவே எரியும் ஆர்க், அந்தச் சின்னத் துவாரத்தில் நெருக்கப்படுவதால் 20,000 டிகிரி செல்சியஸ் வரை போகிறது. தகடு உருகுகிறது, உருகியதைக் காற்று கீழே ஊதித் தள்ளுகிறது. 1950களின் நடுவில் அமெரிக்காவில் யூனியன் கார்பைடு கம்பெனியின் லிண்டே பிரிவில் இருந்த ராபர்ட் கேஜ் என்பவர் இதைக் கண்டுபிடித்தார். 1957ல் காப்புரிமை கிடைத்தது.

கேஸ் கட்டிங்குக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை வைவாவில் கட்டாயம் கேட்பார்கள். கேஸ் கட்டிங்கில் இரும்பு உருகி வெட்டுப்படவில்லை. சூடேறிய இரும்பை ஆக்சிஜன் எரிக்கிறது. எரியாத உலோகத்திடம் அது செல்லாது. எவர்சில்வரின் குரோமியம் ஆக்சைடும் அலுமினிய ஆக்சைடும் லேசில் உருகாத போர்வை மாதிரி மேலே உட்கார்ந்துகொள்ளும். பிளாஸ்மா எரிப்பதை நம்பவில்லை. மின்சாரம் கடத்தினால் போதும், வெட்டிவிடும்.

சரி, இதற்கான மேஜையை நாமே செய்ய முடியுமா? மில்லிங் மெஷினை வீட்டில் செய்வது கஷ்டம். அங்கே கட்டர் உலோகத்தை முட்டித் தள்ளுகிறது. அந்த விசையைத் தாங்கக் கனமான வார்ப்பிரும்புப் படுகை வேண்டும். பிளாஸ்மாவில் டார்ச் தகட்டைத் தொடுவதே இல்லை. வெட்டும் விசை கிட்டத்தட்ட பூஜ்யம்! ஆகவே சதுர பைப்பில் வெல்டிங் வைத்த சட்டமே போதும். ஆனால் ஒரு நிபந்தனை: நகரும் பாகம் லேசாக இருக்க வேண்டும், சட்டென்று வேகம் எடுக்கவும் விடவும் வேண்டும். மூலையில் மெஷின் தயங்கினால் அந்த இடம் கருகிவிடும்.

நாலடிக்கு நாலடி மேஜை. சட்டத்தை மூலைமட்டத்துக்குக் கொண்டுவரப் பெரிய கருவி ஏதும் வாங்கவில்லை. கொத்தனார்கள் அஸ்திவாரத்துக்கு நூல் பிடிப்பார்களே, அந்த 3-4-5 கணக்குதான். ஒரு பக்கம் 900 மி.மீ., மறுபக்கம் 1200 மி.மீ. குறித்தால் குறுக்கே 1500 மி.மீ. வர வேண்டும். வெல்டிங் சூட்டில் சட்டம் இழுத்துக்கொள்ளும் என்பதால் முதலில் டேக் மட்டும் அடித்து, அளந்து, பிறகுதான் முழு வெல்டிங்.

அச்சுகளை நகர்த்த ஸ்டெப்பர் மோட்டார், ரேக், பினியன். இந்தக் கணக்கை மட்டும் நோட்டில் போட்டுப் பாருங்கள். ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 அடி வைக்கும். டிரைவரில் எட்டாகப் பிரித்தால் 1600 பல்ஸ். மாட்யூல் 1, 20 பல் பினியன் ஒரு சுற்றுக்கு 62.83 மி.மீ. நகரும். அதாவது ஒரு மி.மீ.க்கு சுமார் 25 பல்ஸ். நடுவில் பெல்ட் போட்டு மூன்றுக்கு ஒன்றாகக் குறைத்தோம். இப்போது ஒரு மி.மீ.க்கு 76 பல்ஸ். நிமிடத்துக்கு 5 மீட்டர் வேகத்தில் ஓட வினாடிக்கு 6,400 பல்ஸுக்குக் கொஞ்சம் குறைவாக வருகிறது. பழைய கம்ப்யூட்டருக்குக்கூட இது ஒரு சுமையே இல்லை.

பழைய கம்ப்யூட்டர் என்று சும்மா சொல்லவில்லை. லேபில் ஓரங்கட்டி வைத்திருந்த, பிரிண்டர் போர்ட் உள்ள ஒரு பெட்டியைத்தான் எச்.ஓ.டி. சாரிடம் கேட்டு வாங்கினோம். அதில் லினக்ஸ் சி.என்.சி. என்ற புரோகிராம். அமெரிக்க அரசின் நிஸ்ட் என்கிற அளவீட்டு நிறுவனத்தில் 1990களில் உருவான கன்ட்ரோலர்தான் இதன் தாய்வேர். இன்று யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். நார்வேக்காரர் ஒருவர் 2009ல் எழுதிய ‘கிர்பில்’ என்ற இன்னொரு இலவசப் புரோகிராம் சின்ன ஆர்டுயினோ போர்டிலேயே ஓடும். ஆனால் டார்ச்சின் உயரத்தைக் கவனிக்கும் வசதி அதில் கிடையாது. அந்த உயரம்தான் பிளாஸ்மாவின் உயிர்நாடி.

எப்படி என்று கேளுங்கள். தகடு சமமாக இருப்பதாக நாம் நினைக்கிறோம். வெட்ட ஆரம்பித்ததும் சூட்டில் அப்பளம் மாதிரி எழும்பும். நோசிலுக்கும் தகட்டுக்கும் இடைவெளி ஒன்றரை மி.மீ. இருக்க வேண்டிய இடத்தில் தகடு எழும்பினால் டார்ச் முட்டிவிடும், அமுங்கினால் வெட்டு சாய்ந்துவிடும். இடைவெளியை எப்படி அளப்பது? ஆர்க்கே அளவுகோல்! ஆர்க் நீண்டால் அதன் வோல்டேஜ் ஏறும், குறுகினால் இறங்கும். அந்த வோல்டேஜை 50ல் ஒரு பங்காகக் குறைத்து ஒரு சின்னப் பெட்டிக்குக் கொடுத்தால், அது ‘மேலே, கீழே’ என்று மூன்றாவது மோட்டாருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. மூலையில் வேகம் குறைந்தால் வெட்டு அகலமாகி, வோல்டேஜ் தானாக ஏறும். டார்ச் உயர்ந்துவிட்டது என்று தப்பாக எடுத்துக்கொண்டு பெட்டி அதைக் கீழே குத்தும். ஆகவே மூலை வரும்போது உயரக் கட்டுப்பாட்டைப் பிடித்து நிறுத்திவிட வேண்டும். துளை போடும்போது டார்ச் இரண்டு மடங்கு உயரத்தில் நின்று, அரை வினாடி பொறுத்து, பிறகு இறங்க வேண்டும். இல்லாவிட்டால் தெறிக்கும் இரும்பு நோசிலை அடைத்துவிடும்.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆர்க்கைப் பற்றவைக்க ஹை பிரீக்வென்சி தீப்பொறி விடுகிற மெஷின்கள் விலை குறைவு. ஆனால் அந்தத் தீப்பொறி ஒரு ரேடியோ ஸ்டேஷன் மாதிரி. பக்கத்திலிருக்கும் கம்ப்யூட்டரைத் திக்குமுக்காட வைக்கும். எலக்ட்ரோடும் நோசிலும் தொட்டுப் பிரிந்து பைலட் ஆர்க் உண்டாக்கும் மெஷினே நமக்கு ஏற்றது. அப்பாவின் பட்டறையில் இருந்தது நல்லவேளையாக இந்த ரகம்.

மேஜை முதன்முதலாக ஓடியபோது அப்பா வந்திருந்தார். வேகத்துக்கு நாங்கள் புத்தகத்தில் உள்ள அட்டவணையை வைத்திருந்தோம். அவர் கம்ப்யூட்டர் பக்கமே பார்க்கவில்லை. குனிந்து தகட்டுக்கு அடியில் பொறி விழுவதைப் பார்த்தார். “வேகமா ஓட்றடா, பொறி பின்னாடி பறக்குது பார்” என்றார். பொறி நேராகக் கீழே கொட்டினால் மெதுவு. லேசாகப் பின்சாய்ந்தால் சரி. ரொம்பப் படுத்துவிட்டால் வேகம் அதிகம். மெதுவாகப் போனால் அடியில் தொங்கும் கசடு மொத்தமாக இருக்கும், சுத்தியால் தட்டினால் உதிரும். வேகமாகப் போனால் மெல்லிசாக ஒட்டிக்கொள்ளும், கிரைண்டர் போட்டால்தான் போகும். அப்பா எட்டாவது வரை படித்தவர். இது எல்லாம் அவர் கண்ணிலேயே இருந்தது. அன்று ராத்திரி சாப்பிடும்போது, “இது வந்துட்டா டார்ச் புடிக்கிறவன் எதுக்குடா?” என்று கேட்டார். வேகத்தைச் சொல்ல ஆள் வேண்டுமே அப்பா என்றேன். பதில் சொல்லாமல் கை கழுவப் போய்விட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் முழு விடை இல்லை. வெளியூருக்குப் போகும் வேலை உள்ளூருக்குத் திரும்பினால் அவருக்கும் வேலை இருக்கும் என்று நம்பித்தான் இதைச் செய்தோம்.

இனி டிசைன். வீட்டுப் பெயர்ப் பலகைதான் அதிகம் கேட்கிறார்கள். இங்கே நம் தமிழ் எழுத்து ஒரு விளையாட்டு காட்டும்! தகட்டில் எழுத்தை ஓட்டையாக வெட்டினால் ‘வ’, ‘ண’ போன்றவற்றின் சுழிக்குள் இருக்கும் துண்டு பொத்தென்று கீழே விழுந்துவிடும். எழுத்தையே தனியாக வெட்டி எடுத்தாலோ மெய்யெழுத்தின் புள்ளி தனியாக விழும். முதலாவதற்குச் சுழிக்குள் ஒரு சின்னப் பாலம் விட வேண்டும். இரண்டாவதற்குப் புள்ளியை எழுத்தோடு ஒரு கழுத்து போட்டு இணைக்க வேண்டும். சிக்குக் கோலத்துக்கும் இதே கதிதான். பாலம் எங்கே விடுவது என்று என் அக்கா கோலநோட்டை வைத்துக்கொண்டு சொல்லித்தந்தாள்.

வெட்டும் திசையையும் மறக்கக்கூடாது. டார்ச்சுக்குள் காற்று சுழன்று வருவதால் போகும் திசைக்கு வலப்பக்க ஓரம் நேராகவும், இடப்பக்கம் சாய்ந்தும் வரும். ஆகவே வெளிக்கோட்டைக் கடிகாரச் சுற்றிலும், உள் ஓட்டைகளை எதிர்ச்சுற்றிலும் வெட்டினால் நல்ல ஓரம் நம் பொருளில் இருக்கும், கெட்ட ஓரம் கழிவோடு போகும். போல்ட் போடும் சின்ன ஓட்டைகளை மட்டும் பிளாஸ்மாவிடம் விடாதீர்கள். புள்ளி குத்திக்கொண்டு டிரில் போடுங்கள்.

கடைசியாக ஆபத்து. டார்ச்சுக்கு வரும் டி.சி. வோல்டேஜ் 200க்கு மேல், மேஜையிலோ தண்ணீர்த் தொட்டி. ஈரக்கையோடு கிட்டே போகக்கூடாது. கூலிங் கிளாஸ் போதாது. 40 ஆம்பியருக்கு 5ஆம் எண்ணுக்குக் குறையாத வெல்டிங் கண்ணாடி வேண்டும். அலுமினியத் தூள் தண்ணீரில் ஹைட்ரஜன் வாயுவை விடும். தொட்டியைச் சுத்தம் செய்யாமல் அலுமினியம் வெட்டக்கூடாது. ஜி.ஐ. தகட்டின் துத்தநாகப் புகையைச் சுவாசித்தால் ராத்திரி குளிர்காய்ச்சல் வரும். பால் குடித்தால் சரியாகும் என்று எல்லாப் பட்டறையிலும் சொல்வார்கள். ஆனால் பால் போவது வயிற்றுக்கு, புகை போவது நுரையீரலுக்கு! எவர்சில்வர் புகை இன்னும் மோசம். அதிலுள்ள ஒருவகைக் குரோமியம் புற்றுநோய் தரக்கூடியது. தொட்டித் தண்ணீர் புகையில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்ளும், மீதிக்கு எக்ஸாஸ்ட் ஃபேனும் மாஸ்க்கும். மூன்று பக்கம் சுவர் உள்ள ஷெட்டில் குனிந்து கேஸ் கட்டிங் செய்துகொண்டிருந்த அப்பா இப்போது ஆறடி தள்ளி நின்று பொறியைப் பார்க்கிறார்.

பிளாஸ்மா மெஷின் போக, மேஜை, மோட்டார், டிரைவர், கட்டுப்பாட்டுப் பெட்டி எல்லாம் சேர்த்து எங்களுக்கு 48,000 ரூபாய் ஆனது. பாதியைப் பட்டறை முதலாளி போட்டார். அதனால் மேஜை இப்போது அங்கேதான் இருக்கிறது. இரண்டாம் ஆண்டு நண்பர்கள் சனிக்கிழமை மதியம் வரலாம். டி.எக்ஸ்.எஃப். படமும் சொந்தத் தகடும் கொண்டுவாருங்கள். தீபத் திருநாள் சமயத்து மழைக்காலத்தில் வந்தால் முதலில் கம்ப்ரஸர் டேங்கில் தேங்கிய தண்ணீரைத் திறந்துவிடுங்கள். ஈரக்காற்றில் ஒரு நோசில் ஒரு மணி நேரம்கூடத் தாங்குவதில்லை.