வெறுங்கையோடு வந்தவர்கள் எழுப்பிய ஆலயம்

அக்கரப்பத்தனையிலிருந்து கொழும்புக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் புறக்கோட்டையில் இறங்குகிறோம். வேலை முடிந்ததும் திரும்பிவிடுகிறோம். அங்கே டாம் வீதியில் ஒரு பழைய மெதடிஸ்த ஆலயம் இருக்கிறது. 1816 டிசம்பர் 22ஆம் திகதி திறக்கப்பட்ட அது, ஆசியாவிலேயே மிகப் பழைய மெதடிஸ்த ஆலயமாகக் கருதப்படுகிறது.

அதைக் கட்டியவர்களின் கதை, ஊரைவிட்டுப் புறப்பட்டவர்களுக்கு அந்நியமானதல்ல. தோமஸ் கோக் என்ற முதியவரின் தலைமையில் சில மிஷனரிமார் இங்கிலாந்திலிருந்து கப்பல் ஏறினார்கள். 1814 மே 3ஆம் திகதி நடுக்கடலில் கோக் இறந்துபோனார். செலவுப் பணத்துக்கான பொறுப்பெல்லாம் அவர் பெயரிலேயே இருந்தது. தலைவரும் இல்லை, கையில் காசும் இல்லை. பம்பாயில் ஒருவர் அவர்களை நம்பிப் பணம் கொடுத்து உதவினார். ஜூன் 29ஆம் திகதி ஐந்து பேர் காலியில் கரையிறங்கினார்கள். ஒரே இடத்தில் முடங்காமல் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மாத்தறை எனப் பிரிந்து போனார்கள். மட்டக்களப்புக்குப் போன வில்லியம் ஓல்ட் 1814இலேயே பாடசாலை தொடங்கினார். மறுவருடமே அங்கு இறந்தார். அந்தப் பாடசாலைதான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி.

பம்பாயில் தங்கிவிட்ட வில்லியம் ஹாவார்ட் 1815இல் வந்து சேர்ந்தார். கொழும்பில் அச்சுக்கூட வேலையைக் கவனித்த அவரே ஆலயத்துக்கும் வரைபடம் போட்டார். லிவர்பூல் நகரின் பிரன்ஸ்விக் ஆலயத்தை அவர் மாதிரியாக எடுத்துக்கொண்டார்.

மெதடிஸ்த ஆலயங்களின் அமைப்புக்கு ஒரு காரணம் உண்டு. இந்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி 1739இல் பிரிஸ்டல் நகருக்கு அருகே, நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடம் திறந்த வெளியில் நின்று பேசினார். ஆகவே பின்னர் எழுந்த கட்டிடங்களிலும் அலங்காரத்தைவிடக் கேட்பவர்களின் வசதியே முக்கியமாயிற்று. கடைசி வரிசையில் இருப்பவருக்கும் பேச்சு கேட்க வேண்டும். அதே ஆண்டு பிரிஸ்டலில் கட்டிய முதல் கூடத்தில் ஏழைகளுக்கு மருந்தும் கொடுத்தார்கள், பிள்ளைகளுக்குப் பாடமும் சொல்லிக்கொடுத்தார்கள்.

இலங்கைக்கு வந்த மிஷனரிமாருக்குத் தேசாதிபதி பிரவுன்றிக்கின் ஆதரவு இருந்தது. இடம்பெயர்ந்த நமக்கு அப்படி யார் இருக்கிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனாலும் அவர்கள் செய்த ஒழுங்கைக் கவனியுங்கள்: 1814இல் பாடசாலை, 1816இல் ஆலயம். புதிய இடத்தில் குடியேறும் குடும்பங்கள் முதலில் கூடி எழுப்ப வேண்டியது, பிள்ளைகள் உட்கார்ந்து படிக்க ஒரு கூரை. ஓலைக் கூரையானாலும் போதும். கல்லுக் கட்டிடம் பிறகு வரும்.