ஆட்டுக்கல்லுக்குள் ஒரு மரை

குந்தாரப்பள்ளி என்றால் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைதான் பலருக்கும் நினைவுக்கு வரும். அங்கிருந்து வந்திருக்கும் கடிதமோ எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பற்றியது. ஓசூர் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்யும் சிறு பட்டறையில் சி.என்.சி. ஓட்டும் வாசகர் கேட்கிறார்: "304-இல் எம்8 பிளைண்ட் ஹோல். டேப் உள்ளேயே முறிந்து மாட்டிக்கொள்கிறது. த்ரெட் மில் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் டூல் விற்பவர். நிஜமா சார்?"

பாதி நிஜம்.

சேலம் உருக்காலையில் தகடாக உருள்கிறதே, அதே 304தான். அதற்கு இரண்டு கெட்ட குணம். சாதா இரும்போடு ஒப்பிட்டால் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் வெப்பத்தைக் கடத்தும். அதனால் சூடு வெட்டுமுனையிலேயே தங்கிவிடும். வெட்டாமல் உரசினாலோ உரசிய இடம் இறுகிப்போகும். துளைக்குள் மரை வெட்டும் டேப்புக்கு இதோடு இடநெருக்கடியும் சேர்ந்துகொள்கிறது. வெட்டத் தொடங்கிய பல் வெளியே வரும்வரை உலோகத்தைவிட்டு விலகுவதே இல்லை. பிசிறுக்கு ஸ்பைரல் வாய்க்கால் ஒன்றுதான் வழி. 304-இன் பிசிறு லேசில் அறுபடாத நீளச் சுருள். அது வாய்க்காலை அடைத்தால், டேப் திரும்பி வரும்போது 'டக்' என்று ஒரு சத்தம். அப்புறம் ஸ்பார்க் மெஷின்காரரைத் தேட வேண்டியதுதான்.

ஆட்டுக்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். அதுவும் அடி மூடிய துளைதானே! குழவி குழிக்கு அச்சாகப் பொருந்தினால் மாவு எங்கே போகும்? அதுதான் டேப். த்ரெட் மில் என்பது குழியைவிடச் சிறிய குழவி; தன்னைத்தானே சுற்றும், சுவரையொட்டிச் சுற்றியும் வரும். ஓரத்து மாவைத் தள்ளிவிடும் அம்மாவின் கைதான் கூலண்ட். (அம்மா உள்ளே தள்ளுவார், கூலண்ட் வெளியே தள்ளும், உவமை இடிக்கிறது, இருக்கட்டும்.) கோயம்புத்தூர் கிரைண்டரில் குழவி நிற்க, கல் சுற்றுகிறதே, அது லேத். இன்னும் இழுத்தால், ஒரு சுற்றுக்கு 1.25 மி.மீ. மேலே ஏறும் குழவி வேண்டும். எந்தப் பாட்டியிடமும் அப்படியொன்று இருந்ததில்லை.

அந்த ஏற்றம்தான் எனக்குப் பிடித்த இடம். 6.8 மி.மீ. துளைக்குள் 6 மி.மீ. கட்டரை அடிவரை இறக்குகிறோம். ஸ்பிண்டில் வலஞ்சுழியாகச் சுழல்கிறது. கட்டரின் மையம் இடஞ்சுழியாக வட்டம் போட்டபடி மேலே ஏறுகிறது; புரோகிராமில் ஜி03, கூடவே இசட். வலது மரை கீழிருந்து ஏற வேண்டுமானால் இடஞ்சுழியாகத்தான் சுற்றியாக வேண்டும். துளைக்குள் இடஞ்சுழியாகச் சுற்றும்போது வெட்டு தானாகவே கிளைம்ப் மில்லிங் ஆகிவிடுகிறது: பல் தடிமனாகக் கடித்து, மெலிந்து வெளியேறும். எதிர்த்திசையில் போயிருந்தால் ஒன்றுமில்லாத தடிமனில் தொடங்கி, வெட்டுவதற்கு முன் கொஞ்சம் உரசும். உரசினால் 304 இறுகும், இறுகியதை அடுத்த பல் வெட்ட வேண்டும். போதாக்குறைக்கு, அடியில் விழுந்த பிசிறை விட்டுக் கட்டர் விலகி ஏறுகிறது. மரைக்கும் உலோகத்துக்கும் பிசிறுக்கும் வேண்டியது ஒரே திசை! வடிவ கணிதத்துக்கு நம் மேல் இப்படிக் கருணை பிறப்பது அபூர்வம்.

ஒரு கண்ணியும் வைத்திருக்கிறது. மையம் போடும் வட்டத்தின் விட்டம் 2 மி.மீ., விளிம்பு போடுவது 8. விளிம்புக்கு நிமிடத்துக்கு 400 மி.மீ. ஃபீட் வேண்டுமென்றால் மையத்துக்கு 100தான். மெஷின் தானாகத் திருத்திக்கொள்ளும் என்று நம்பி 400 என்று எழுதி, அது மையத்துக்கே போய்ச் சேர்ந்தால், நான்கு மடங்கு வேகத்தில் கார்பைடு நொறுங்கும். பயந்துபோய் ஃபீடை அடியோடு குறைத்தால் மறுபடி உரசல்.

வரலாறு கேட்பவர்களுக்கு: மாட்ஸ்லி 1800 வாக்கில் திருகு வெட்டும் லேத்தைச் செம்மைப்படுத்தினார், விட்வொர்த் 1841-இல் எல்லாருக்கும் ஒரே மரை அளவு வேண்டும் என்றார், எண்களால் ஓடும் மில்லிங் மெஷினை எம்.ஐ.டி. 1952-இல் காட்டியது. மூன்று அச்சும் சேர்ந்து நகராமல் இந்த வித்தை இல்லை. போதும்.

'வேகமானது' என்ற விளம்பரத்தை மட்டும் நம்ப வேண்டாம். முழு நீளப் பல்வரிசை உள்ள கட்டருக்கு, மேலே சொன்ன கணக்கில், ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய நான்கு விநாடி. நிமிடத்துக்கு 350 சுற்றில் 16 மி.மீ. இறங்கி ஏறும் டேப்புக்கும் கிட்டத்தட்ட அதே நேரம்தான். தவிர, ஒல்லிக் கட்டர் வளைந்து கொடுக்கும். அடியில் மரை இறுகலாக வரும், கேஜ் பாதியில் நிற்கும். இரண்டு மூன்று சுற்று வைத்தால்தான் சரியாகும். விலையும் டேப்பைப் போலப் பல மடங்கு. பெங்களூரு இம்டெக்ஸ் கண்காட்சியில் மெஷின் முன் வாய்பிளந்து நிற்பவர்கள், உள்ளே வெட்டுப்படுவது என்ன உலோகம் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. கட்டர் உடைந்தாலும் துளையைவிடச் சிறியது. பெரும்பாலும் துண்டுகளை எடுத்துவிடலாம், ஜாப் பிழைக்கும். மரை இறுகலா? ஆஃப்செட்டில் நூறில் ஒரு மில்லிமீட்டர் கணக்கில் தளர்த்திக்கொள்ளலாம். டேப்பிடம் இந்தப் பேரம் நடக்காது.

ஆகவே, ஜாபின் விலை அதிகம், துளைகள் குறைவு என்றால் தாராளமாக வாங்குங்கள். அதற்கு முன் டிராயிங்கை எடுத்துக்கொண்டு போய், துளையை இன்னும் சில மில்லிமீட்டர் ஆழமாகப் போடலாமா என்று கம்பெனிக்காரர்களைக் கேளுங்கள். பிசிறு தங்க அடியில் போதிய இடம் கிடைத்தால், அதைக் கீழ்நோக்கித் தள்ளும் ஸ்பைரல் பாயிண்ட் டேப்பிலேயே வேலை முடிந்துவிடலாம்.