லண்டன் வரிப்பட்டியலும் ஆம்பூர்த் தோலும்

ஒரு நாடு வணிகக் கூட்டமைப்பில் சேர்ந்தால், பிற நாடுகளோடு அது முன்பே செய்திருந்த ஒப்பந்தங்கள் நீடிக்குமா என்பது கூட்டமைப்பின் வகையைப் பொறுத்தது. தடையற்ற வணிகப் பகுதியில் உறுப்பு நாடுகள் தங்களுக்குள் வரியை நீக்கிக்கொள்ளும். வெளியாருக்கான வரியை ஒவ்வொரு நாடும் தானே முடிவுசெய்யும். அதனால் பழைய ஒப்பந்தங்கள் பெரும்பாலும் அப்படியே இருக்கும். சுங்க ஒன்றியத்திலோ வெளியாருக்கும் ஒரே வரிப்பட்டியல்தான். ஓர் உறுப்பு நாடு மட்டும் தன் பழைய கூட்டாளிக்கு வரியைக் குறைத்தால், அந்த நாட்டுத் துறைமுகம் வழியாகச் சரக்கு ஒன்றியம் முழுவதும் பரவிவிடும். ஆகவே, சேரும் நாடு தன் தனிச் சலுகைகளைக் கைவிட்டாக வேண்டும்.

அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்தின் தோல் ஊர்கள் இதை 1973-இல் நேரில் கண்டன. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை டேனரிகளில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோல், ‘ஈ.ஐ.’ எனப்படும் கிழக்கிந்தியத் தோலாகச் சென்னைத் துறைமுகம் வழியே நெடுங்காலம் லண்டன் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படையினரின் பூட்ஸுக்கு மேல்தோலாகப் பயன்பட்டதும் இந்தச் சரக்குதான். 1932-இல் பிரிட்டன் இறக்குமதிக்குப் பொதுவாக 10 சதவீத வரி விதித்தபோது, அதே ஆண்டின் ஒட்டாவா ஒப்பந்தம் இந்தியச் சரக்குகளுக்கு முன்னுரிமைச் சலுகை தந்தது. 1939-இன் இந்திய-பிரிட்டிஷ் வணிக ஒப்பந்தம் அதன் இடத்துக்கு வந்தது. விடுதலைக்குப் பிறகும் சலுகை தொடர்ந்தது.

1973 ஜனவரி 1 அன்று பிரிட்டன் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் உறுப்பினரானது. அது ஒரு சுங்க ஒன்றியம். 1977 நடுப்பகுதிக்குள் படிப்படியாகப் பிரிட்டனின் வரிப்பட்டியல் ஐரோப்பியப் பட்டியலோடு இணைந்தது. அதுவரை இந்தியாவுக்கு இருந்த முன்னுரிமை இத்தாலிக்கும் பிரான்சுக்கும் போனது. அந்நாட்டுத் தோல் வரியின்றி உள்ளே வந்தது.

இந்த இழப்புக்கு ஈடு கேட்க வழி உண்டா? உலக வணிகத்துக்கான பொது விதிகளைக் கொண்ட காட் ஒப்பந்தத்தின் 24-ஆவது பிரிவு ஓரளவு வழி சொல்கிறது. சுங்க ஒன்றியத்தில் சேருவதால், ஒரு நாடு உயர்த்த மாட்டேன் என்று உறுதியளித்த வரி உயர்ந்தால், பாதிக்கப்பட்ட நாடுகளோடு பேசி ஈடு செய்ய வேண்டும். முன்னுரிமைச் சலுகை இல்லாமல் போவது இந்தக் கணக்கில் வராது. இந்தியா இழந்தது பெரும்பாலும் அதைத்தான். பிரிட்டன் சேரும் உடன்படிக்கையோடு 1972-இல் இணைக்கப்பட்ட அறிவிப்பு ஒன்று, இந்தியா உள்ளிட்ட ஆசியக் காமன்வெல்த் நாடுகளின் சிக்கல்களைப் பேசித் தீர்க்கும் எண்ணத்தைத் தெரிவித்தது. எண்ணம் என்ற அளவில்தான். வரி எதையும் அது குறைக்கவில்லை. அந்தப் பேச்சின் பலனாக 1973 டிசம்பரில் இந்தியாவும் ஐரோப்பியச் சமூகமும் வணிக ஒத்துழைப்பு ஒப்பந்தம் செய்துகொண்டன. வளரும் நாடுகளுக்கு ஐரோப்பா பொதுவாகத் தந்த வரிச்சலுகைத் திட்டத்தை 1974 முதல் பிரிட்டனும் பின்பற்றியது. அது எல்லா வளரும் நாடுகளுக்கும் கிடைத்த சலுகை; இந்தியாவுக்கென்று இருந்த தனியிடம் திரும்பவில்லை.

தோல் தொழிலில் வந்த மாற்றம் முழுவதையும் ஐரோப்பாவின் கணக்கில் எழுதுவது சரியாகாது. 1972-இல் சீதாராமையா குழு பரிந்துரைத்தபடி, ஈ.ஐ. போன்ற பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு இந்திய அரசே 1973-இல் கட்டுப்பாடு போட்டது. முழுதாகப் பதனிட்ட தோலும் ஷூ அப்பரும் ஷூவும் செய்து விற்கும் பாதைக்கு டேனரிகள் தள்ளப்பட்டன. ஐரோப்பிய வரிப்பட்டியல் அடித்தது இங்கேதான். ‘கிழக்கிந்தியக் கிப்’ என்று பெயர் சொல்லியே குறிக்கப்படும் தாவரப் பதனீட்டுத் தோலுக்கு அந்தப் பட்டியலில் இன்று வரி இல்லை. முழுதாகப் பதனிட்ட தோலுக்கு வரி உண்டு. தோல் காலணிகளுக்குப் பொது வரி பெரும்பாலும் 8 சதவீதம். ஆம்பூரில் வேலையும் கூலியும் கூடக்கூட, ஐரோப்பாவில் வரியும் ஏறுகிறது. தனி ஒப்பந்தத்தின் அருமை தெரிவது இத்தகைய சரக்கில்தான்.

ஒன்றியத்தை விட்டு வெளியேறும்போது இதே கணக்கு திரும்ப வருகிறது. பிரிட்டன் 2020 ஜனவரி 31 அன்று விலகியது. இடைக்காலம் அந்த ஆண்டு முடிவோடு தீர்ந்தது. ஐரோப்பா செய்திருந்த ஒப்பந்தங்களின் பலன் தனக்குத் தொடர, ஒவ்வொரு நாட்டோடும் பிரிட்டன் தனியாகக் கையெழுத்திட வேண்டியிருந்தது. காலணித் தொழிலில் ஆம்பூரின் பெரும் போட்டியாளரான வியட்நாமுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் 2020 ஆகஸ்டில்தான் நடைமுறைக்கு வந்திருந்தது. அந்த டிசம்பரிலேயே பிரிட்டனும் அதே பாணியில் ஒன்றைச் செய்துகொண்டது. இந்தியாவுக்கு அப்படி நகலெடுக்க அன்று ஒப்பந்தமே இருக்கவில்லை. இந்திய-பிரிட்டன் ஒப்பந்தம் 2025 ஜூலை 24 அன்றுதான் கையெழுத்தானது. தோலுக்கும் காலணிக்கும் பிரிட்டனின் வரியை நீக்க அது வகை செய்கிறது.

அதற்கு முன்பே, 2024 டிசம்பரில், பிரிட்டன் பசிபிக் நாடுகளின் சிபிடிபிபி கூட்டமைப்பில் சேர்ந்திருந்தது. அது தடையற்ற வணிகப் பகுதி என்பதால் இந்தியாவோடு கையெழுத்திடத் தடை எழவில்லை. வியட்நாமோடு இருந்த தனி ஒப்பந்தமும் அப்படியே நிற்கிறது. வியட்நாம் ஏற்றுமதியாளர் தன் ஷூவுக்கு இரண்டில் எது தோதோ அதைத் தேர்ந்துகொள்ளலாம். ஆனால் ஒவ்வோர் ஒப்பந்தத்துக்கும் ‘பிறப்பிட விதி’ தனி: எந்தப் பாகம் எந்த நாட்டில் செய்யப்பட்டது என்பதை அந்தந்த விதிப்படி நிரூபித்தால்தான் சலுகை. ஆம்பூரிலிருந்து லண்டனுக்கும் ஹாம்பர்க்குக்கும் போகும் ஒரே மாதிரி ஷூவுக்கும் 2021 முதல் வரிப்பட்டியல் இரண்டு.