இல்லாத பெயரும் பதிவேட்டின் பொறுப்பும்

கூட்டுறவுச் சங்கம் ஒவ்வொன்றிலும் அங்கத்தினர் பதிவேடு ஒன்று உண்டு. அதைப் பழுதறப் பேணுவது காரியதரிசியின் தலையாய கடமைகளுள் ஒன்று. இன்னார் இச்சங்கத்தில் அங்கத்தினரா என்று எவரேனும் கேட்டால், காரியதரிசி ஏட்டைப் புரட்டிப் பார்த்து, 'ஆம், இத்தனையாவது எண்' என்றோ, 'அப்பெயரில் ஒருவரும் இல்லை' என்றோ விடை கூறுகிறார். ஆம் என்பது எவ்வளவு முக்கியமோ, இல்லை என்பதும் அவ்வளவு முக்கியம். அவ்வாறன்றி, இல்லை என்று சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் வந்தவரை எதிர்த்தெரு வட்டிக் கடைக்கு அனுப்பிவைத்து, அக்கடைக்காரரிடம் தரகும் பெற்றுக்கொள்ளும் காரியதரிசி ஒருவர் இருந்தால் அவரைப் பற்றி நாம் என்ன நினைப்போம்? பதிவேடு அவர் கையில் இருப்பது உண்மையே. ஆனால் அது அவருடைய சொத்தன்று.

இணைய முகவரிகளின் பதிவேட்டிலும் இத்தகைய காரியம் ஒரு முறை உலகறிய நடைபெற்றது. இது எங்கோ நடந்த செய்தி என்று தள்ளிவிடுவதற்கில்லை. நெசவுக் கூலியும், பட்டுக்கூடு விற்ற தொகையும், பயிர்க் கடனும் வங்கிக் கணக்கின் வழியே வந்து சேரும் இந்நாளில், ஒரு முகவரியில் ஓர் எழுத்துத் தவறினால் என்ன நேரும் என்பது நம் அங்கத்தினர் ஒவ்வொருவரும் அறிய வேண்டியதாகும்.

ஆய்வின்போது கண்டது

மாவட்டத்தின் மேற்குப் பகுதியிலுள்ள கடன் சங்கம் ஒன்றுக்கு நாம் சில மாதங்களுக்கு முன் ஆய்வுக்குச் சென்றிருந்தோம். மல்பெரி பயிரிடும் அங்கத்தினர் ஒருவர், கூடு விற்ற பணம் தம் கணக்கில் சேர்ந்துவிட்டதா என்று பார்த்துத் தரும்படி காரியதரிசியைக் கேட்டார். அவரும் கணிப்பொறியில் வங்கியின் முகவரியைத் தட்டச்சு செய்தார். அவசரத்தில் ஓர் எழுத்து விடுபட்டுப் போயிற்று. திரையில் வங்கியின் பக்கம் வரவில்லை. ஒரு மணி நேரத்தில் கடன், நகையின்றிக் கடன் என்று பலவித விளம்பரங்கள் வந்தன. அவற்றின் நடுவே, வாடிக்கையாளர் உதவிக்கு என்று ஒரு தொலைபேசி எண்ணும் இருந்தது.

"வங்கிக்காரர்கள் பக்கத்தை மாற்றிவிட்டார்கள் போலிருக்கிறது, ஐயா" என்றார் காரியதரிசி. அங்கத்தினரோ அந்த எண்ணைத் தம் கைபேசியில் பாதி அழுத்திவிட்டார். நாம் அவரைத் தடுத்து, முகவரியை மீண்டும் எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்யச் சொன்னோம். வங்கியின் பக்கம் வந்தது. பணமும் கணக்கில் இருந்தது. அன்று ஒரு நஷ்டமும் நேரவில்லை. ஆயினும் அந்த எண்ணில் பேசியிருந்தால் அவரிடம் என்னென்ன கேட்டிருப்பார்களோ என்ற எண்ணம் நம்மை விட்டு அகலவில்லை.

முகவரி கண்டறியப்படும் விதம்

கணிப்பொறிகள் ஒன்றையொன்று எண்களால் அறிகின்றன. மனிதர் எண்களை நினைவிற் கொள்ள இயலாது. பெயர்களையே நினைவிற் கொள்வர். ஆகையால் பெயரைக் கொடுத்தால் எண்ணைத் தரும் ஏற்பாடு ஒன்றை 1983-ஆம் ஆண்டில் பால் மொக்கபெட்ரிஸ் என்னும் அமெரிக்க அறிஞர் வகுத்தார்.

இவ்வேற்பாட்டில் முகவரி வலமிருந்து இடமாகப் படிக்கப்படுகிறது. தபாலில் முதலில் மாவட்டம், பிறகு ஊர், பிறகு தெரு என்று பிரிப்பது போலவே இது. கடைசியில் 'காம்' என்றிருந்தால் அதற்குரிய பதிவகத்தையும், 'இன்' என்றிருந்தால் இந்தியாவுக்குரிய பதிவகத்தையும் நம் கணிப்பொறியின் சார்பில் இணைய சேவையாளரின் இயந்திரம் கேட்கிறது. பெயர் ஏட்டில் இருந்தால், அதை எங்கே காணலாம் என்று பதிவகம் வழி காட்டும். இல்லாவிடில் 'அப்பெயர் இல்லை' என்று விடையளிக்கும். விலாசதாரர் இல்லை என்று எழுதித் தபால்காரர் கடிதத்தைத் திருப்பிக் கொணர்வதற்கு ஒப்பானது இது. அவ்விடை கிடைத்ததும், தவறிவிட்டோம் என்று நாம் உணர்ந்து முகவரியைத் திருத்திக்கொள்கிறோம்.

2003-இல் நிகழ்ந்தது

'காம்', 'நெட்' என முடியும் பெயர்களின் பதிவேட்டைப் பேணுவது வெரிசைன் என்னும் அமெரிக்க நிறுவனம். பதிவான பெயர் ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 6 டாலர் அந்நாளில் அதற்குக் கிடைத்து வந்தது. இந்நிறுவனம் 2003 செப்டம்பர் 15 அன்று ஒரு மாறுதல் செய்தது. ஏட்டில் இல்லாத எந்தப் பெயரைக் கேட்டாலும், இல்லை என்று சொல்வதற்குப் பதிலாகத் தன் சொந்தக் கணிப்பொறியின் எண்ணையே விடையாகத் தந்தது. தவறாகத் தட்டச்சு செய்தவர் அனைவரும் சைட் ஃபைண்டர் என்னும் அதன் பக்கத்திற்குக் கொண்டு செல்லப்பட்டனர். 'நீங்கள் தேடியது இதுவோ?' என்ற யோசனைகளும், பணம் கொடுத்த விளம்பரதாரர்களின் இணைப்புகளும் அப்பக்கத்தில் இருந்தன.

வழி தவறியவருக்கு உதவி செய்வதே தன் நோக்கம் என்று நிறுவனம் கூறியது. உதவி என்பது ஓரளவு உண்மையே. ஆனால் விளைந்த கேடுகள் பல.

முதலாவது, குப்பைத் தபால்களைத் தடுக்கும் கருவிகள் பல, அனுப்பியவரின் முகவரி மெய்யாகவே உள்ளதா என்று பதிவேட்டைக் கேட்டுப் பார்ப்பவை. எல்லாப் பெயரும் இருப்பதாக ஏடு சொல்லத் தொடங்கியதும் இச்சோதனை பயனற்றுப் போயிற்று.

இரண்டாவது, தவறான முகவரிக்கு அனுப்பும் மின்னஞ்சல் அதற்கு முன் அனுப்புவோரின் நிலையத்திலேயே நின்றுவிடும். புதிய ஏற்பாட்டில் அது வெரிசைனின் கணிப்பொறி வரை சென்று, அங்கே மறுக்கப்பட்டது. யார் யாருக்கு எழுதுகிறார் என்பது மூன்றாம் மனிதருக்குத் தெரியும் நிலை ஏற்பட்டது.

மூன்றாவது, பெயர் இல்லை என்ற செய்தியை அவரவர் கணிப்பொறி அவரவர் மொழியில் காட்ட இயலும். அதற்குப் பதிலாக உலகத்தார் அனைவருக்கும் ஆங்கிலப் பக்கம் ஒன்று வந்து நின்றது. ஆங்கிலம் அறியாதவருக்கு, தாம் தவறிவிட்டோம் என்பதே தெரியாமற் போயிற்று. நம் சங்கத்தில் நிகழ்ந்ததும் இதுவே அன்றோ?

எதிர்ப்பு உடனே எழுந்தது. பெயர் தேடும் இயந்திரங்களிற் பெரும்பாலும் வழங்கி வந்த பைண்ட் என்னும் மென்பொருளைத் தயாரிப்போர், இப்பொய் விடையைப் புறக்கணிக்கும் திருத்தத்தை இரண்டொரு நாட்களில் வெளியிட்டனர். இணையப் பெயர்களை மேற்பார்வையிடும் ஐகான் என்னும் அமைப்பு, இச்சேவையை நிறுத்துமாறு அக்டோபர் 3 அன்று கடுமையாக வற்புறுத்தியது. மறுநாள் சேவை நிறுத்தப்பட்டது. மூன்று வாரத்திற்கும் குறைவாகவே அது நடந்தது. நிறுவனம் 2004 பிப்ரவரியில் ஐகான்மீது வழக்குத் தொடுத்தும், பழைய வழக்கத்திற்குத் திரும்ப இயலவில்லை. புதிதாக ஏற்படும் முடிவுப் பெயர்களின் பதிவகங்கள் இவ்வாறு திருப்பிவிடலாகாது என்பது பின்னர் ஒப்பந்த நிபந்தனையாகவே ஆகிவிட்டது.

கேடு முற்றும் ஒழியவில்லை

ஆயினும் ஆசை வேறு வடிவங்களில் தொடர்ந்தது. ஆப்பிரிக்காவிலுள்ள காமரூன் நாட்டின் முடிவுப் பெயர் 'சிஎம்' என்பது. 'சிஓஎம்' என்பதில் நடு எழுத்து விடுபட்டால் வருவது அதுவே. அந்நாட்டுப் பதிவேட்டில், பதிவாகாத பெயர்களையெல்லாம் விளம்பரப் பக்கத்திற்குத் திருப்பிவிடும் ஏற்பாடு 2006-இல் செய்யப்பட்டது.

இரண்டாவது வடிவம், இணைய சேவையாளர் செய்வது. பதிவகம் 'இல்லை' என்று உண்மையே கூறினாலும், இடையில் நிற்கும் சேவையாளர் அவ்விடையை மறைத்து விளம்பரப் பக்கத்தைக் காட்டுதல் உண்டு. அமெரிக்காவில் ஒரு சேவையாளர் இவ்வாறு செய்த விளம்பர ஏற்பாட்டிலுள்ள ஓட்டையின் வழியே, பெரிய நிறுவனங்களின் பெயரிலேயே பொய்ப் பக்கங்களைக் காட்ட இயலும் என்பதை 2008-இல் டான் காமின்ஸ்கி என்னும் பாதுகாப்பு நிபுணர் செய்து காட்டினார். நம் நாட்டிலும் சில சேவையாளர் இம்முறையைக் கையாண்டதுண்டு.

மூன்றாவது வடிவமே இன்று மிகுதி. புகழ்பெற்ற பெயரினின்றும் ஓரெழுத்து மாறிய பெயரைத் தனியார் ஒருவர் முறைப்படி பதிவு செய்துகொண்டு, அங்கே விளம்பரமோ பொய்ப் பக்கமோ வைப்பது. இதற்குப் பதிவகத்தைக் குறை கூற இயலாது. ஏட்டில் அப்பெயர் இருக்கவே இருக்கிறது. 'இன்' என முடியும் பெயர்களைப் பேணும் நிக்ஸி என்னும் லாபநோக்கமற்ற நிறுவனம், இத்தகைய பெயர்களைப் பற்றிய பிணக்குகளை மத்தியஸ்தர் மூலம் தீர்க்கும் ஏற்பாட்டைக் கொண்டுள்ளது. தன் பெயர் களவாடப்பட்டதாகக் கருதும் சங்கம் அங்கே முறையிடலாம்.

வங்கிகளுக்குத் தனி வாயில்

இவ்விஷயத்தில் ரிசர்வ் வங்கி செய்துள்ள ஏற்பாடு கவனிக்கத்தக்கது. வங்கிகள் யாவும் 'பேங்க்' என்றும் அதன்பின் புள்ளியிட்டு 'இன்' என்றும் முடியும் முகவரிக்கு 2025 அக்டோபர் 31-க்குள் மாறிக்கொள்ள வேண்டும் என்று அது 2025 ஏப்ரலில் பணித்தது. மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகளும் இதில் அடங்கும். இப்பெயர்களைப் பதிவு செய்யும் அதிகாரம் ஹைதராபாத்திலுள்ள வங்கித் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் ஒன்றுக்கே உண்டு. வங்கியல்லாதார் அம்முடிவில் பெயர் பெற இயலாது.

இதன் பயன் எளிது. அம்முடிவு சரியாக இருந்து முற்பகுதியில் எழுத்துத் தவறினால், மோசக்காரர் எவரும் அங்கே கடை விரித்திருக்க வழியில்லை. ஆனால் முடிவே தவறினால் இக்காவல் பயன்படாது. ஆகையால் முகவரியின் கடைசிப் பகுதியை முதலில் பார்க்கும் வழக்கம் வேண்டும்.

அங்கத்தினரும் காரியதரிசிகளும் செய்யத்தக்கவை

1. வங்கியின் சரியான முகவரியைக் கிளையில் நேரிற் கேட்டு எழுதி, சங்கத்தின் சுவரில் ஒட்டி வைக்கவும். கணிப்பொறியிலும் குறித்து வைத்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் தட்டச்சு செய்ய வேண்டுவதில்லை.

2. எதிர்பாராத பக்கம் வந்தால் அதிலுள்ள எதையும் தொடாமல் மூடிவிட்டு, முகவரியை எழுத்தெழுத்தாகச் சரிபார்க்கவும். அதிலுள்ள தொலைபேசி எண்ணை அழைக்கலாகாது. கணக்குப் புத்தகத்தில் அச்சிட்ட எண்ணையே அழைக்கவும்.

3. பூட்டுச் சின்னம் இருப்பதனால் மட்டும் பக்கம் நம்பத்தக்கது என்று கொள்ளலாகாது. செய்தி வழியில் களவு போகாது என்பதற்கே அது அடையாளம். மறுமுனையில் இருப்பவர் நல்லவர் என்பதற்கன்று.

4. பணம் பறிபோனால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே 1930 என்னும் எண்ணுக்கும் வங்கிக்கும் தெரிவிக்கவும். விரைவாகத் தெரிவித்தாலன்றிப் பணத்தை நிறுத்தி வைத்தல் அரிது.

5. சொந்த இணையதளம் வைத்துத் துணி விற்கும் நெசவாளர் சங்கங்கள், தம் பெயரை எளிதிற் பிழையாக எழுதக்கூடிய ஓரிரு வடிவங்களிலும் பதிவு செய்துகொள்வது நலம்.

பதிவேடு எதுவாயினும், அதைப் பேணுபவர் தர்மகர்த்தாவே அன்றி உடைமையாளர் அல்லர். அங்கத்தினர் பதிவேட்டை எழுதும் சிற்றூர்க் காரியதரிசிக்கும், கோடிக்கணக்கான பெயர்களை ஆளும் பெரிய நிறுவனத்திற்கும் இவ்விதி ஒன்றே. பிறர் செய்யும் தவறு அவருக்கு வருமானம் ஆகலாகாது. இல்லாததை இல்லை என்று ஒளிவின்றிச் சொல்லும் ஏடே, உள்ளதை உண்டு என்று சொல்லும்போதும் நம்பத்தக்கது.