கை நழுவிய காசு – 9: பரிசு விழுந்த வீடு

அந்தக் கடிதத்தைச் சித்தி எனக்குக் காட்டவே இல்லை. அரிசிப் பானைக்குப் பின்னால், ரேஷன் கார்டும் மாத்திரைச் சீட்டும் போட்டுவைக்கிற மஞ்சள் பைக்குள் நாலாக மடித்து வைத்திருந்தார். பதினோரு நாள் கழித்து, "மோதிரத்த எங்கம்மா?" என்று மகன் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் போனபோதுதான் அது வெளியே வந்தது.

சித்தியின் வீடு கோரிப்பாளையம் தர்காவுக்குப் பின்னால் ஒரு சந்தில். விடியற்காலை நாலரைக்கு இட்லிச் சட்டி அடுப்பில் ஏறிவிடும். ஆறு மணிக்குப் பனகல் சாலையில், ராஜாஜி அரசு மருத்துவமனைப் பக்கம், தள்ளுவண்டி நிற்கும். ராமநாதபுரம், சிவகங்கை, தேனி, விருதுநகர் என்று நாலு திசையிலிருந்தும் நோயாளியோடு வந்து மரத்தடியில் தங்கிக்கிடப்பவர்களுக்குக் காலை ஆகாரம் இப்படிப்பட்ட வண்டிகளில்தான். பத்தும் இருபதுமாகச் சேர்ந்த காசு. போனது அந்தக் காசு.

கடிதத்தைக் கையில் வாங்கிப் பார்த்தேன். பழுப்பு உறை, பதிவுத் தபால். உள்ளே வழவழப்பான தாள்; பேர்பெற்ற ஓர் ஆன்லைன் கடையின் பெயரும் சின்னமும்; மூலையில் மினுமினுக்கும் ஹாலோகிராம் வில்லை; கீழே மூன்று கையெழுத்து, இரண்டு ரப்பர் ஸ்டாம்ப். கூடவே ஒரு சுரண்டல் அட்டை. நாணயத்தால் சுரண்டிய இடத்தில் வெள்ளிப் பொடி இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. '12,80,000 ரூபாய் அல்லது கார்' என்று அச்சடித்திருந்தது. வாடிக்கையாளர் சேவை எண் என்று போட்டிருந்தது ஒரு சாதாரண செல்போன் எண்.

"டிக்கெட்டு வாங்காம பரிசு விழாதுன்னு எனக்குத் தெரியாதாப்பா? ஆனா நான் வாங்குன குக்கரோட ஆர்டர் நம்பரே அதுல இருந்துச்சே" என்றார் சித்தி.

அந்த ஒரு வாக்கியத்தை யாரும் அலட்சியமாகத் தாண்டிப் போகக் கூடாது. ஏமாந்தவரைப் பேராசைக்காரர் என்று சொல்லிவிடுவது சுலபம். சித்தி ஆசைப்பட்டு ஏமாறவில்லை, அடையாளத்தை நம்பி ஏமாந்தார். தன் பெயர், தன் கதவு எண், தான் வாங்கிய பொருள் எல்லாம் சரியாக இருந்தால், அனுப்பியவர் அந்தக் கடைக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்று எந்த மனசும் நினைக்கும். பார்சல் உறையில் நம் பெயர், முகவரி, போன் நம்பர் எல்லாம் ஒட்டியிருக்கிறது. பிரித்ததும் அப்படியே குப்பையில் போடுகிறோம். அந்தத் தகவல் கடையிலிருந்து நம் வாசல் வரும்வரை எத்தனையோ கைமாறுகிறது. எங்கே கசிந்தது என்று கண்டுபிடிப்பது போலீசுக்கே கஷ்டம். வாங்கியவருக்கு எப்படித் தெரியும்?

சித்தப்பா இருந்த காலத்தில் இந்த வீட்டுக்கு லாட்டரி பழக்கமான சங்கதிதான். 1968-இல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது தமிழ்நாட்டில் அரசே பரிசுச் சீட்டு விற்கத் தொடங்கியது. 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்ற முழக்கம் எங்கள் வயதுக்காரர்களுக்கு இன்னும் காதில் இருக்கிறது. பிறகு வெளிமாநிலச் சீட்டுகள் வந்து குவிந்தன. கூலியை வாங்கிய கையோடு சீட்டுக் கடைக்குப் போனவர்களின் வீடுகளில் உலை ஏறாத நாட்களையும் இந்தச் சந்து பார்த்திருக்கிறது. 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு எல்லா லாட்டரி விற்பனைக்கும் தடை போட்டது. ஆனாலும் மூணு நம்பர் லாட்டரி கள்ளத்தனமாக ஓடிக்கொண்டுதான் இருந்தது. 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் அதில் பணத்தை இழந்த நகைத் தொழிலாளி ஒருவரின் குடும்பமே, மூன்று பெண் குழந்தைகள் உட்பட, உயிரோடு இல்லாமல் போனது. அந்தச் செய்தியை வாசித்த இரவு எனக்கு இன்னும் மறக்கவில்லை. கடனிலும் அவமானத்திலும் தனியாகத் தவிக்கிற யாராவது இதைப் படித்தால், 14416 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். டெலிமானஸ் மனநல உதவி எண் அது, கட்டணம் இல்லை.

அந்த நாள் லாட்டரி ஆளைக் கெடுத்தது உண்மை. ஆனால் அதில் ஒரு ஒழுங்கு இருந்தது. சீட்டு நம் கையில் இருக்கும். குலுக்கல் முடிவு பேப்பரில் வரும். சின்னப் பரிசு விழுந்தால் கடைக்காரரே எண்ணிக் கொடுத்துவிடுவார். பக்கத்துக் கேரளத்தில் 1967-இல் தொடங்கிய அரசு லாட்டரி இன்றும் காகிதச் சீட்டாகத்தான் விற்கிறது. 5,000 ரூபாய் வரையிலான பரிசைச் சீட்டுக் கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம். அதற்கு மேல் என்றால் அசல் சீட்டை 30 நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும். ஆன்லைனில் விற்பதே இல்லை என்று அந்தத் துறை திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறது. ஆகவே, 'கேரளா பம்பர் உங்கள் வாட்ஸ்அப் எண்ணுக்கு விழுந்திருக்கிறது' என்று ஒரு குரல் சொன்னால் அங்கேயே போனை வைத்துவிடலாம். 'கோன் பனேகா குரோர்பதி' பெயரில் 25 லட்சம் என்று சுற்றுகிற வாட்ஸ்அப் ஆடியோவும் இதே ரகம்தான்.

சித்தி அந்த செல்போன் எண்ணுக்குக் கூப்பிட்டார். எடுத்தவன் நல்ல தமிழில், "அம்மா, வாழ்த்துகள்மா" என்றான். முதலில் பதிவுக் கட்டணம் 12,800. இரண்டு நாள் கழித்து ஜிஎஸ்டி என்று 18,500. பிறகு ரிசர்வ் வங்கி அனுமதி என்று 27,000. ஆக மொத்தம் 58,300 ரூபாய். இட்லி வண்டியில் க்யூஆர் அட்டை வைத்திருப்பதால் யுபிஐ அனுப்பச் சித்திக்கு யார் தயவும் தேவைப்படவில்லை. மூன்றாவது தவணைக்குத்தான் மகனுக்குப் போட வைத்திருந்த மோதிரம் அடகுக் கடைக்குப் போனது. நாலாவதாக 40,000 கேட்டபோது கழுத்துச் சங்கிலியைக் கழற்ற இருந்தார். நல்லவேளை, அதற்குள் மகன் கேட்டுவிட்டான்.

இரண்டாவது பணம் போன பிறகு சித்திக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. "போதும் தம்பி, என் காசத் திருப்பிக் குடு" என்று கேட்டிருக்கிறார். அன்றைக்குச் சாயங்காலமே வாட்ஸ்அப்பில் ஒரு செக்கின் படம் வந்தது. சித்தியின் பெயர், 12,80,000 ரூபாய், பெரிய வங்கியின் பெயர், மேலே சிவப்பில் 'அப்ரூவ்டு' என்று முத்திரை. "செக்கே எழுதிட்டாங்கப்பா, இனி என்னன்னு நெனச்சேன்" என்றார்.

அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு மருத்துவமனை எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நண்பரிடம் போனேன். அவர் தன் செக் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். காகிதத்துக்குள்ளேயே 'சிடிஎஸ் இந்தியா' என்ற நீர்க்குறி தெரிந்தது. அதையே மெஷினில் வைத்து நகல் எடுத்தார். அசலில் கண்ணுக்குத் தெரியாத 'வாய்டு' என்ற ஆங்கிலச் சொல், செல்லாது என்று பொருள், நகலில் சாம்பல் நிறத்தில் எழுந்து வந்தது. நகல் எடுத்தால் காட்டிக்கொடுப்பதற்காகவே இப்படி அச்சடிக்கிறார்கள். "அண்ணே, கீழ நம்பரப் பாருங்க" என்றார். செக்கின் அடியில் வெள்ளைப் பட்டையில் முதலில் ஆறு இலக்கச் செக் எண், அடுத்து ஒன்பது இலக்க எம்ஐசிஆர் எண். அதன் முதல் மூன்று இலக்கம் ஊர். மதுரைக் கிளை என்றால் 625. சித்திக்கு வந்த படத்தில் அந்தப் பட்டையில் ஏழே ஏழு எண்கள், அதுவும் சாதாரண எழுத்துருவில்.

இதையெல்லாம் எல்லோரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் யோசித்தால் போதும். செக்கின் படத்தை எந்த வங்கியும் பணமாக்காது. காகிதம் கையில் இருந்தாலும் எழுதியவர் கணக்கில் பணம் இருந்தால்தான் காசு.

காகிதச் செக்கை வைத்தே ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். பழைய பீரோவை விற்பவரிடம் 15,000-க்குப் பதில் 45,000-க்குச் செக் போட்டுவிட்டு, "தப்பா எழுதிட்டோம், மிச்சத்த ஜிபேயில அனுப்பிருங்க" என்பார்கள். செக் போட்டதும் கணக்கில் ஒரு தொகை கூடியதுபோலக் காட்டும். ஆனால் அது இன்னும் வசூலாகாத தொகை. இருப்பு எவ்வளவு என்று கேட்காதீர்கள். எடுக்கத்தக்க இருப்பு எவ்வளவு என்று கேளுங்கள். 2025 அக்டோபர் 4 முதல் நம் நாட்டில் செக்குகளை நாள் முழுக்கத் தொடர்ச்சியாகத் தீர்வு செய்யும் முறை வந்துவிட்டதால் காத்திருக்கும் நேரம் குறைந்திருக்கிறது. அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே சட்டப்படி சில நாளிலேயே வங்கி அந்தப் பணத்தை எடுக்க விட்டுவிடும். செக் போலி என்று திரும்பி வருவதற்குச் சில வாரங்கள்கூட ஆகலாம். அதற்குள் 'மிச்சத்தை' அனுப்பிவிட்ட மாணவர் வங்கிக்குக் கடனாளி ஆவார். அங்கே படித்துக்கொண்டே பகுதிநேர வேலை தேடும் நம் பிள்ளைகளுக்கு இதைப் போனில் சொல்லிவையுங்கள்.

அவர்கள் 'வரி' என்று கேட்ட பணத்துக்கு வருகிறேன். பரிசுப் பணத்துக்கு 30 சதவீதம் வரி உண்டு என்பது உண்மை. பணமாகத் தரும்போது, பரிசு தருகிறவரே அதைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தர வேண்டும். கார் போலப் பொருளாகத் தரும்போது மட்டும், வரி கட்டப்பட்டதா என்று பார்த்த பிறகே ஒப்படைக்க வேண்டும் என்கிறது சட்டம். கடிதத்தில் 'அல்லது கார்' என்று போடுகிறார்களே, அவர்களுக்கு இந்தச் சந்து வசதி. ஆனால் அப்போதும் வரி போய்ச் சேர வேண்டிய இடம் அரசாங்கக் கணக்கு. முகம் தெரியாத ஒரு தனி ஆளின் யுபிஐ எண்ணுக்கு ஒருநாளும் வரி போகாது. ரிசர்வ் வங்கியும் தனி மனிதர் யாருக்கும் சேமிப்புக் கணக்கு வைத்துக்கொள்வதில்லை, பரிசுக்கு அனுமதி தருவதுமில்லை.

இனி, கடிதம் வெளியே வந்த அன்று சாயங்காலம் நாங்கள் செய்த தவறு. உண்மை தெரிந்ததும் மகன் கத்தினான். "படிக்காத கழுத" என்றுகூடச் சொல்லிவிட்டான். அந்தக் கோபத்தில் அம்மாவின் போனைப் பிடுங்கி, அந்த ஆளோடு பேசிய வாட்ஸ்அப் உரையாடல் முழுவதையும் அழித்துவிட்டான். செக் படத்தையும் இரண்டு ஸ்கிரீன்ஷாட்டையும் சித்தி எனக்கு முன்பே அனுப்பியிருந்ததால் அவை மட்டும் தப்பின. திட்டும் அழுகையுமாக ஒரு ராத்திரி முழுக்கப் போனது. 1930-க்குக் கூப்பிட்டது மறுநாள் காலை ஒன்பது மணிக்கு.

1930 சைபர் குற்றத்துக்கான தேசிய உதவி எண். தமிழ்நாட்டிலிருந்து கூப்பிட்டால் தமிழில் பேசலாம். பணம் போன வங்கிக்கு அங்கிருந்தே தகவல் போகிறது. பணம் இன்னும் அந்தக் கணக்கில் கிடந்தால் எடுக்க முடியாதபடி நிறுத்திவைக்கிறார்கள். அதனால்தான் முதல் ஒரு மணி நேரம் இவ்வளவு முக்கியம். ஏமாற்றியவன் பணத்தை ஒரே கணக்கில் வைத்திருப்பதில்லை. கமிஷனுக்கு ஆசைப்பட்டுத் தன் கணக்கை வாடகைக்கு விட்டவர்களின் பெயரில் நாலைந்து கணக்குகளுக்கு மாற்றி, கடைசியில் ஏடிஎம்மில் எடுத்துவிடுகிறான். கல்லூரிப் பிள்ளைகளிடம் 'உன் அக்கவுண்ட் குடு, மாசம் அஞ்சாயிரம்' என்று கேட்கிறவர்கள் இந்தக் கூட்டத்துக்கு ஆள்பிடிப்பவர்கள். கொடுத்த பிள்ளையும் வழக்கில் வந்து நிற்கும்.

எங்களிடம் கேட்டது இவைதான்: ஒவ்வொரு பணப் பரிமாற்றத்தின் 12 இலக்க யுபிஐ குறிப்பு எண், தேதி, நேரம், தொகை, பணம் போன எண். பாஸ்புக்கை விரித்துவைத்து ஒவ்வொன்றாகச் சொன்னோம். ஒப்புகை எண் வந்தது. பிறகு வங்கிக் கிளைக்குப் போய் எழுத்தில் கொடுத்து, மேல்தாளில் முத்திரை வாங்கினோம். அட்டை, உறை, தபால் முத்திரை எல்லாவற்றையும் பத்திரப்படுத்திக் காவல் நிலையத்தில் கொடுத்தோம். சித்தி அந்த ஆளுக்கு ஆதார் நகலையும் அனுப்பியிருந்ததால், ஆதார் செயலியில் கைரேகையைப் பூட்டினோம்.

வங்கி இந்தப் பணத்தைத் தருமா என்று பலர் கேட்கிறார்கள். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி, நமக்குத் தெரியாமல் வெளியாள் யாரோ பணத்தை எடுத்து, அதை மூன்று வேலை நாளுக்குள் நாம் சொல்லிவிட்டால் நஷ்டம் நம்முடையதல்ல. ஆனால் ஏமாந்து நாமே பின் எண் போட்டு அனுப்பிய பணத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடைப்பதில்லை. இதை எழுத எனக்கு வலிக்கிறது. இவ்வளவு சாமர்த்தியமாக வலை விரிக்கிற காலத்தில், வலையில் விழுந்தவர் தலையிலேயே முழுச் சுமையும் ஏறுவது நியாயமில்லை.

சித்தியின் மூன்றாவது தவணையில் 6,200 ரூபாய் மட்டும் ஒரு கணக்கில் மிச்சம் இருந்தது. அதை நிறுத்திவைத்தார்கள். நீதிமன்றத்தில் மனுப் போட்டு, ஏழு மாதம் கழித்து வந்து சேர்ந்தது. முந்தின நாள் ராத்திரியே கூப்பிட்டிருந்தால் எவ்வளவு நின்றிருக்குமோ.

இடையில் இன்னொன்றும் நடந்தது. புகார் கொடுத்த மூன்றாம் வாரம் சித்திக்கு ஒரு போன். "சைபர் செல்லுல இருந்து பேசுறோம்மா. உங்க 58,300-ம் ரெக்கவர் ஆயிருச்சு. ஃபைல் சார்ஜ் 3,500 கட்டுனா இன்னைக்கே ஏத்திருவோம்." தொகை அச்சுப் பிசகாமல் சரியாக இருந்தது, ஏனென்றால் எடுத்தவனுக்குத்தானே தெரியும். ஏமாந்தவர்களின் பட்டியல் இவர்களுக்குள் கைமாறுகிறது. இழந்ததை மீட்கத் துடிக்கிற மனசுதான் இரண்டாவது வேட்டைக்கு இலக்கு. பணத்தை மீட்டுத்தரப் போலீஸ் காசு கேட்காது, நீதிமன்றம் ஜிபேயில் வாங்காது.

இந்தத் தடவை சித்தி பணம் அனுப்பவில்லை. "என் மகன்கிட்ட பேசுங்க தம்பி" என்று போனை அவனிடம் நீட்டினார். அவன் அன்றைக்குக் கத்தவில்லை. எண்ணைக் குறித்துக்கொண்டு, அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, 1930-க்குப் போட்டான்.

அந்தச் சுரண்டல் அட்டையின் வண்ண நகல் ஒன்றைச் சித்தி இப்போது இட்லி வண்டியின் கண்ணாடியில் உள்பக்கமாக ஒட்டியிருக்கிறார். போன வியாழக்கிழமை நான் நின்றுகொண்டிருந்தபோது, பரமக்குடிப் பக்கத்து ஆள் ஒருவர், மனைவிக்கு ஆபரேஷன் என்று வந்தவர், சட்னிக்குக் காத்திருந்தபடி அதையே உற்றுப் பார்த்தார். "இது மாதிரி எங்க வீட்டுக்கும் ஒண்ணு வந்துச்சுக்கா" என்றார். சித்தி கரண்டியைக் கீழே வைத்தார்.

"பணம் எதுவும் அனுப்பிட்டீங்களாண்ணே? எப்ப அனுப்புனீங்க, இன்னைக்கா நேத்தா?"

(தொடரும்)