விசைப்படகும் பங்கு முறையும்

மணமேல்குடி என்றவுடன் சைவ இலக்கியம் பயின்றார்க்குக் குலச்சிறை நாயனார் நினைவிற்கு வருவார். ஈண்டு நாம் ஆராயப் புகுவது அவ்வூர்க் கடற்கரையைச் சார்ந்த பிறிதொரு பொருளாகும். எந்திரம் புகுந்த தொழிற்களத்தில் உழைப்போனுக்கு ஊக்கம் எதனால் உண்டாகிறது என்னும் வினாவை ஆலைகளையும் கணிப்பொறி நிலையங்களையும் கொண்டே பலரும் ஆராய்கின்றனர். மணமேல்குடிக்குத் தெற்கே கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் ஆகிய துறைகளிலிருந்து செல்லும் விசைப்படகும் அத்தகைய தொழிற்களமே என்பது நம் கருத்து.

கூலி என்பது உழைத்த பொழுதிற்கு அளப்பது. பங்கு என்பது கிடைத்த மீனிற்கு அளப்பது. கடல்தொழிலில் பங்கே பெருவழக்காயிற்று. நடுக்கடலில் ஒருவனை மேற்பார்த்து வேலை வாங்குதல் அரிது. வலை இழுக்கும் பலருள் ஒருவன் கை தளரினும் அனைவர்க்கும் இழப்பு. ஆதலின் மீனில் உரிமை தருவதே ஊக்கம் தரும் வழியாயிற்று. 1952-இல் கையெழுத்தான இந்திய-நார்வே உடன்படிக்கையை ஒட்டிக் கொல்லத்துக் கடற்கரையில் பொறிப்படகுகள் பரவத் தொடங்கின. பின்னர்த் தமிழகக் கரையிலும் அவை பெருகின. பொறி வந்தும் பங்கு என்னும் சொல் ஒழியவில்லை.

ஆயின் அச்சொல்லின் பொருள் சுருங்கியது. பாய்மரக் காலத்தில் காற்றுக்கு விலை கொடுத்தார் இலர். இன்றோ மீன் விற்ற பணத்தில் டீசல், பனிக்கட்டி, உணவு ஆகியவற்றின் செலவைப் பொதுவாக முதலிற் கழித்து, எஞ்சியதையே உடைமையாளரும் தொழிலாளரும் பகுத்துக்கொள்வர். விகிதம் துறைக்குத் துறை வேறுபடும். டீசல் விலை ஏறின், படகில் உடைமை இல்லாதவனும் அவ்வேற்றத்தைச் சுமக்கிறான். முன்பணம் பெற்றவனாயின், மீன் படாத நாளில் அவன் கடனே வளரும். மாதச் சம்பளமே இதற்கு மருந்து என்பாரும் உளர். நாம் அதனை ஏற்கிலோம். பங்கை நீக்கின் ஊக்கமும் உடன் நீங்கும். எரிபொருட் செலவில் பெரும்பகுதியை உடைமையாளர் பங்கிற் கழிப்பதே நேரிது.

அறிவின் மதிப்பும் இடம் மாறியது. வாடை, கொண்டல், சோளகம், கச்சான் எனக் காற்றறிந்து, கரைப் பனையையும் கோபுரத்தையும் இணைத்து நோக்கி மீனிடம் கண்ட முதியவர்க்குத் தனிப் பெருமை இருந்தது. இன்று ஜி.பி.எஸ். கருவியில் அவ்விடத்தை எவரும் பதிந்துகொள்ளலாம். வழி தவறும் அச்சம் குறைந்தமை பெரும் நன்மையே. எனினும் கற்றறிந்த தொழில் என்னும் மனநிறைவு இளையோரிடம் குறைதல் கூடும்.

ஓய்வைப் பற்றியும் ஒன்று கூறல் வேண்டும். பரதவர் முழுநிலா நாளில் வேட்டம் செல்லாது உண்டு மகிழ்ந்திருந்ததைப் பட்டினப்பாலை காட்டுகிறது. அஃது ஊர் வகுத்த ஓய்வு. இன்று பாக்கு நீரிணையில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகிற்கும் நான்கு நாள் நாட்டுப்படகிற்கும் எனப் பகுத்துள்ளனர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலமும் உண்டு. இவை மீன்வளமும் பூசல் தவிர்ப்பும் கருதி அமைந்தவை; உழைப்போன் உடலைக் கருதியவை அல்ல. காலையிற் புறப்பட்டு மறுநாட் காலை திரும்பும் படகில், இரவெல்லாம் மடியை விடுவதும் இழுப்பதுமாகவே பொழுது கழியும். கரையிலிருக்கும் நாளிலும் வலை செப்பனிடும் வேலை காத்திருக்கும். அவ்வுழைப்பிற்குத் தனிக் கணக்கு இல்லாவிடத்து, அதுவும் வரப்போகும் மீனின் பங்கிலேயே அடங்கிவிடுகிறது.