ஸ்டீம் கணக்கு: அமைப்பும் காப்பும்

கணினி விளையாட்டு ஒன்றை வாங்குதல் என்பது நெடுங்காலம் ஒரு பெட்டியையும் அதனுள் இருந்த குறுந்தட்டையும் வாங்குவதாகவே இருந்தது. தட்டு கையில் இருக்கும்வரை விளையாட்டும் வாங்கியவரிடமே இருந்தது. இந்த நிலையை மாற்றியவற்றுள் முக்கியமானது, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் இயங்கும் வால்வ் நிறுவனம் 2003 செப்டம்பர் 12 அன்று வெளியிட்ட ஸ்டீம் என்னும் மென்பொருளாகும். தன் விளையாட்டுகளுக்கான திருத்தங்களை இணையம்வழி அனுப்புவதற்கு அந்நிறுவனம் உருவாக்கிய இது, 2004 நவம்பரில் ஹாஃப்-லைஃப் 2 வெளிவந்தபோது கட்டாயமாயிற்று. அந்த விளையாட்டைக் கடையில் பெட்டியாக வாங்கியவரும் ஸ்டீமில் கணக்குத் தொடங்கினால்தான் விளையாட முடிந்தது. பின்னர்ப் பிற நிறுவனங்களின் விளையாட்டுகளும் இங்கே விற்பனைக்கு வர, ஸ்டீம் ஒரு பெருஞ்சந்தையாக வளர்ந்தது.

இச்சந்தையில் பணம் செலுத்துபவர் பெறுவது விளையாட்டின் உடைமை அன்று. அதைப் பயன்படுத்தும் உரிமம் மட்டுமே என்று ஸ்டீமின் பயனர் உடன்படிக்கை கூறுகிறது. அந்த உரிமம் வாங்கியவரின் கணினியில் இருப்பதில்லை. நிறுவனத்தின் சர்வர் கணினிகளில் அவரது கணக்கின்கீழ் ஒரு பதிவாக இருக்கிறது. கணினி பழுதானாலும் வேறொரு கணினியில் நுழைந்து விளையாட்டுகளை மீண்டும் இறக்கிக்கொள்ளலாம் என்பது இந்த ஏற்பாட்டின் நன்மை. கணக்கிற்குரியவர் தாமே என்று சர்வரை நம்பவைக்கும் எவரும் பல ஆண்டுச் சேமிப்பை ஒரே நொடியில் கைக்கொள்ளலாம் என்பது அதன் ஆபத்து. ஆகவே ஸ்டீம் கணக்கைக் காத்தல் என்பது, அடிப்படையில், தன் அடையாளத்தைப் பிறர் நடித்துக்காட்ட முடியாதபடி செய்துகொள்வதே.

கணக்கைத் தொடங்குதல்

முதற்படி, ஸ்டீமின் அதிகாரபூர்வ இணையதளத்திலிருந்து மட்டுமே மென்பொருளை இறக்கி நிறுவுதல். தேடுபொறியில் விளம்பரமாக மேலெழும் இணைப்புகள் போலித் தளங்களுக்கு இட்டுச்செல்லக்கூடும் என்பதால், முகவரியைத் தாமே தட்டச்சு செய்வது நல்லது. அடுத்து ஒரு மின்னஞ்சல் முகவரியைத் தந்து, வசிக்கும் நாட்டைக் குறித்து, வயது 13 அல்லது அதற்கு மேல் என்பதை உறுதிசெய்தால், அந்த முகவரிக்கு ஓர் இணைப்பு வரும்; அதைச் சொடுக்கிய பின்னரே கணக்குப் பெயரையும் கடவுச்சொல்லையும் தேர்ந்துகொள்ள இயலும்.

இங்கே இருவேறு பெயர்களைப் பிரித்தறிய வேண்டும். உள்நுழையும்போது தரப்படும் கணக்குப் பெயர் பிறருக்குத் தெரியாதது, பின்னாளில் மாற்ற இயலாதது. விளையாட்டுக் களத்தில் பிறர் காணும் காட்சிப் பெயரோ எப்போது வேண்டுமானாலும் மாற்றத்தக்கது. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்பவர், தம் பூட்டுக்கான இரண்டு விடைகளில் ஒன்றைத் தாமே ஊரறியச் சொன்னவர் ஆகிறார். மேலும், குறைந்தது 5 அமெரிக்க டாலர் செலவிடும்வரை கணக்கு வரம்புக்குட்பட்டதாகவே இருக்கும். நண்பர் அழைப்பு அனுப்புதல் முதலிய வசதிகள் அதற்கு இல்லை. மோசடிக்காரர்கள் ஆயிரக்கணக்கில் இலவசக் கணக்குகளைத் தொடங்கிப் பிறரை அணுகுவதைச் செலவுமிக்கதாக்க இந்த வரம்பு உதவுகிறது.

கடவுச்சொல்லின் வலிமையும் எல்லையும்

நல்ல சேவை எதுவும் கடவுச்சொல்லை அப்படியே சேமிப்பதில்லை. ஒருவழிக் கணிதச் சார்பு ஒன்றால் அதை அடையாளம் தெரியாத எண்வரிசையாக மாற்றிச் சேமிக்கும். இம்முறை ஹேஷ் எனப்படும். ஒரே கடவுச்சொல்லைக் கொண்ட இருவருக்கு ஒரே எண்வரிசை அமையாதவாறு, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சேர்க்கப்படும் தற்செயல் எழுத்துகள் ‘உப்பு’ எனப்படுகின்றன. 2011 நவம்பரில் ஸ்டீமின் தரவுத்தளத்திற்குள் ஊடுருவல் நிகழ்ந்ததாக வால்வ் அறிவித்தபோது, அதிலிருந்த கடவுச்சொற்கள் உப்பிட்டு ஹேஷ் செய்யப்பட்டிருந்தன. ஆயினும் ஹேஷ் எளிய கடவுச்சொல்லைக் காப்பதில்லை. வழக்கமான சொற்களை வரிசையாக ஹேஷ் செய்து ஒப்பிட்டால் அது விரைவில் வெளிப்பட்டுவிடும். நீளம் கூடக் கூட இந்த ஊகத்தின் உழைப்பு பன்மடங்காகப் பெருகுவதால், குறியீடுகள் நிறைந்த குறுஞ்சொல்லைக் காட்டிலும், ஒன்றோடொன்று தொடர்பற்ற நான்கைந்து சொற்களின் நீண்ட கோவை உறுதியானது.

நீளத்தினும் முக்கியமானது தனித்தன்மை. ஏதோ ஒரு சிறு தளத்திலிருந்து கசிந்த மின்னஞ்சல் முகவரியையும் கடவுச்சொல்லையும் பிற தளங்களில் தானியங்கி நிரல்களால் முயன்று பார்ப்பது தாக்குவோரின் அன்றாட வழக்கம் என்பதால், ஸ்டீமுக்கான கடவுச்சொல் வேறெங்கும் பயன்படாததாக இருக்க வேண்டும். நினைவாற்றலுக்கு அப்பாற்பட்ட இவ்வேலையைக் கடவுச்சொல் மேலாளர் என்னும் மென்பொருளிடம் ஒப்படைக்கலாம்.

இரண்டாம் பூட்டு

2011 மார்ச்சில் ஜெர்மனியின் ஹானோவரில் நடந்த செபிட் கண்காட்சியில், வால்வின் நிறுவனர்களுள் ஒருவரான கேப் நியூவெல் தம் சொந்த ஸ்டீம் கணக்கின் கடவுச்சொல்லை வெளிப்படையாகவே அறிவித்தார். ஸ்டீம் கார்ட் என்னும் புதிய காப்புமுறை இருக்கையில் கடவுச்சொல் மட்டும் தெரிந்த ஒருவர் உள்ளே நுழைய முடியாது என்பதை உணர்த்துவதே அதன் நோக்கம். அறியாத கணினி ஒன்றிலிருந்து எவரேனும் நுழைய முயன்றால், உரியவரின் மின்னஞ்சலுக்கு ஒரு குறியீடு செல்லும்; அதைத் தந்தால்தான் கதவு திறக்கும். அறிந்திருப்பது ஒன்று, கைவசம் வைத்திருப்பது மற்றொன்று என இருவகைச் சான்றுகளைக் கேட்பதால் இதனை இருபடிச் சரிபார்ப்பு என்பர்.

இதன் மேம்பட்ட வடிவம் ஸ்டீமின் கைபேசிச் செயலியில் 2015இல் வந்த குறியீட்டு வசதி. அதை இணைக்கும் வேளையில் ஓர் இரகசிய எண் சர்வரிலும் கைபேசியிலும் ஒருசேரப் பதிகிறது. பின்னர் இருபுறமும், அந்த எண்ணையும் அந்நேரத்தையும் சேர்த்து ஒரே கணக்கீட்டைச் செய்து, 30 நொடிக்கு ஒருமுறை மாறும் ஐந்து எழுத்துக் குறியீட்டை உருவாக்குகின்றன. குறியீடு கைபேசிக்கு அனுப்பப்படுவதில்லை, இரு இடங்களிலும் தனித்தனியே பிறக்கிறது. ஆகவே வழியில் அதைக் களவாட இடமில்லை, கைபேசியின் கடிகாரம் சரியாக இருந்தால் போதும். கண்ணுக்குக் குழப்பம் தரும் 0, 1 போன்றவற்றை விலக்கி, எழுத்துகளும் எண்களுமாக 26 குறிகள் மட்டுமே இதில் பயன்படுவதால், நிகழக்கூடிய குறியீடுகள் 1,18,81,376 ஆகும். அரை நிமிடத்தில் இதை ஊகிப்பது நடைமுறையில் இயலாது.

மின்னஞ்சலின் இடத்தையும் இங்கே எண்ணிப்பார்க்க வேண்டும். கடவுச்சொல்லை மறந்தால் புதியது அமைக்கும் வழி மின்னஞ்சல்வழியே செல்வதால், மின்னஞ்சல் கணக்கைப் பிடித்தவர் ஸ்டீம் கணக்கின் வாசலிலும் நிற்கிறார். மின்னஞ்சலுக்கு முதலில் இருபடிக் காப்பு அமைத்த பின்னர் ஸ்டீமுக்கு அமைப்பதே சரியான வரிசை.

உரியவரே கதவைத் திறந்துவிடும் வழிகள்

மாதந்தோறும் ஏறத்தாழ 77,000 கணக்குகள் களவாடப்படுவதாக 2015 டிசம்பரில் வால்வ் தெரிவித்தது. விளையாட்டுக்குள் ஆயுதங்களுக்கு இடும் அலங்கார உறைகள் போன்றவை உண்மைப் பணத்திற்குக் கைமாறத் தொடங்கியபின், இக்களவு ஆதாயமிக்க தொழிலாகிவிட்டது. இந்தத் தொழில் பூட்டை உடைப்பதில்லை. பெரும்பாலும் உரியவரின் கையாலேயே திறக்கச் செய்கிறது.

அதற்கான வழிகளுள் பரவலானது தூண்டில் மோசடி. தவறுதலாக உங்கள்மீது புகார் கொடுத்துவிட்டேன், இந்த அதிகாரியிடம் பேசுங்கள் என்றோ, எங்கள் அணிக்கு வாக்களியுங்கள் என்றோ, பெரும்பாலும் ஏற்கெனவே களவுபோன நண்பரின் கணக்கிலிருந்தே செய்தி வரும். இணைப்பைத் தொட்டால் ஸ்டீமைப் போன்றே தோன்றும் பக்கம் திறக்கும். அதில் தரும் கடவுச்சொல்லும் ஐந்தெழுத்துக் குறியீடும் 30 நொடி கழியுமுன் உண்மைத் தளத்திற்குத் திருப்பியனுப்பப்படும். இரண்டாம் பூட்டும் இங்கே பயனற்றுப்போகிறது. சில போலிப் பக்கங்கள் பக்கத்துக்குள்ளேயே ஒரு சாளரத்தை வரைந்து, அதன் மேற்புறத்தில் உண்மை முகவரியையே எழுதிக்காட்டும். அச்சாளரத்தைச் சுட்டியால் இழுத்தால் உலாவியின் எல்லையைத் தாண்டாமல் நிற்பதே அது போலி என்பதற்கான சான்று. கடவுச்சொல் மேலாளர் முகவரியை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவதால், போலித் தளத்தில் தானாக எதையும் நிரப்பாது. வழக்கமாக நிரம்பும் கட்டம் வெறுமையாக நின்றால் அதனை எச்சரிக்கையாகக் கொள்ளலாம்.

மற்றொரு வழி தீநிரல். ஒருமுறை நுழைந்தவரிடம் மீண்டும் மீண்டும் கடவுச்சொல் கேட்காமலிருக்கக் கணினியில் ஓர் அனுமதிச்சீட்டு சேமிக்கப்படுகிறது. திருட்டுப் பிரதிகளோடும், விளையாட்டில் குறுக்குவழி வெற்றி தரும் நிரல்களோடும் ஒட்டிவரும் தீநிரல்கள் இந்தச் சீட்டையே நகலெடுத்து அனுப்பிவிடுகின்றன. சீட்டு இருப்பவரிடம் வாயிற்காவலர் எதையும் கேட்பதில்லை.

இழந்தால் செய்ய வேண்டியவை

இங்கும் வரிசையே முக்கியம். முதலில் கணினியைத் தீநிரல் தடுப்பு மென்பொருளால் சோதிக்க வேண்டும். தூய்மையடையாத கணினியில் மாற்றும் புதிய கடவுச்சொல்லும் களவுபோகும். பின்னர், ஐயத்திற்கிடமற்ற கருவியிலிருந்து மின்னஞ்சலின் கடவுச்சொல்லையும், அடுத்து ஸ்டீமின் கடவுச்சொல்லையும் மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் கணக்கை வெளியேற்ற வேண்டும். வணிகப் பரிமாற்றங்களைத் திசைதிருப்பத் தாக்குவோர் கணக்கின் பெயரில் ஏபிஐ சாவி என்னும் நிரலணுக்கச் சாவியை உருவாக்கி வைத்திருக்கக்கூடும். அதையும் நீக்க வேண்டும். உள்ளே நுழையவே முடியாத நிலையில், ஸ்டீமின் உதவித் தளத்தில் பணம் செலுத்திய விவரங்களையும் பழைய பெட்டிகளிலுள்ள விளையாட்டுச் சாவி எண்களையும் சான்றாகத் தரலாம். ஆகவே ரசீதுகளையும் பெட்டிகளையும் வீசிவிடாமல் வைத்திருப்பது பயனுடையது. ஸ்டீமின் ஊழியர் எவரும் கடவுச்சொல்லைக் கேட்பதில்லை. அரட்டையில் வந்து அதிகாரி என்று சொல்லிக்கொள்பவரை ஐயமின்றி விலக்கலாம்.

கைபேசிச் செயலியை இணைக்கும்போது, மீட்புக் குறியீடு ஒன்று காட்டப்படும். கைபேசி தொலைந்த நாளில் கணக்கிற்குத் திரும்ப அது உதவும். அதைத் தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வைக்க ஐந்து நிமிடம் போதும். கணக்கு வைத்திருப்போர் அந்த ஐந்து நிமிடத்தை இன்றே ஒதுக்க வேண்டும்.